ஜெட்டில் வேகமில்லை, கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம்: டைல்ஸை உடைக்கும் முன்

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது:

மூன்று வருடங்களுக்கு முன் பில்டரிடமிருந்து நேரடியாக வாங்கிய ஃபிளாட். பெரிய பாத்ரூமில் தண்ணீரைப் பீய்ச்சும் ஆறு ஜெட் வைத்த ஜக்குஸி குளியல் தொட்டியை பில்டரே பொருத்திக் கொடுத்திருக்கிறார். மாமியாருக்கு முழங்கால் வலி இருப்பதால் வாரத்தில் இரண்டு நாள் வெந்நீர் நிரப்பி அதில் உட்காருவார். எண்ணெய்க் குளியலும் அதிலேதான். 9 வயது மகளுக்கு அது விளையாட்டு இடம். அபார்ட்மென்ட்டில் வருவது போர் தண்ணீர். ஏழெட்டு மாதமாக ஜெட்டில் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டு ஜெட்டில் தண்ணீரே வருவதில்லை. ஸ்விட்ச் போட்டதும் கறுப்பாகத் துணுக்குகள் மிதக்கின்றன. நடுவில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி டிரிப் ஆனதால், எலக்ட்ரீஷியன் தொட்டியின் லைனை அதிலிருந்து பிரித்து நேராகக் கொடுத்துவிட்டார். பிளம்பர் வந்து தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் இருந்த சல்லடை மூடியைக் கழற்றிப் போட்டார். கொஞ்சம் வேகம் கூடியதால் அப்படியே விட்டுவிட்டார்கள். இப்போது கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம். ஜெட் போட்டுக் குளித்த மறுநாள் அது பெரிதாகிறது. தொட்டியைச் சுற்றி டைல்ஸ் முழுவதையும் உடைத்து, எல்லா பைப்பையும் மாற்ற 85,000 ரூபாய் கேட்கிறார் பிளம்பர். உடைக்கத்தான் வேண்டுமா, பில்டரைக் கேட்க முடியுமா, பேசாமல் தொட்டியையே எடுத்துவிடலாமா என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

இதைப் படித்து முடிக்கும் முன்பே எழுந்து போய், மின் பெட்டியில் தொட்டிக்கான எம்சிபி ஸ்விட்சை ஆஃப் செய்துவிடுங்கள். வீட்டில் யாரும் மறந்துபோய் மறுபடி போடாமல் இருக்க அதன் மேல் ஒரு டேப்பும் ஒட்டிவிடுங்கள். ஜெட்டில் வேகம் குறைந்ததும், கீழ் வீட்டு ஈரமும் சரிசெய்யக்கூடிய விஷயங்கள்தான். அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்த இருவரும் பழுதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆளுக்கு ஒரு பாதுகாப்பைக் கழற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்றே நிறுத்த வேண்டியவை

ஆர்சிசிபி செய்வது ஒரே வேலை. உள்ளே போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வைப்பது பெரும்பாலும் 30 மில்லியாம்பியர் ரகம். அந்த அளவுக்கு எங்காவது கசிந்தால் இணைப்பைத் துண்டித்துவிடும். அது அடிக்கடி டிரிப் ஆனது என்றால் அதில் கோளாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொட்டியின் மோட்டாரிலோ ஹீட்டரிலோ மின்சாரம் கசிகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இப்போது அந்தக் கசிவு அப்படியே இருக்கிறது, தடுக்க எதுவும் இல்லை. நனைந்த உடம்போடு தண்ணீரில் உட்கார்ந்திருப்பவருக்கு இது உயிர் போகிற விஷயம். லைனைத் திரும்ப ஆர்சிசிபி வழியாகக் கொடுக்காமல் மோட்டாரை ஒரு நிமிடம்கூட ஓட்ட வேண்டாம்.

அடுத்தது அந்தச் சல்லடை மூடி. மூடியைக் கழற்றியதும் வேகம் கூடியதென்றால், மூடியில் முடி சுற்றி அடைத்திருந்தது என்று அர்த்தம். கழுவி மாட்டியிருந்தாலே போதும். திறந்த குழாய்வாயில் பம்பின் முழு இழுவையும் ஒரே இடத்தில் விழும். நீளமான கூந்தல் உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டால் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்க முடியாது. 2002-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி ஸ்பா தொட்டியின் உறிஞ்சும் வாயில் சிக்கி இறந்துபோனாள். பெற்ற தாய் பக்கத்திலேயே இருந்து இழுத்தும் விடுவிக்க முடியவில்லை. அவள் பெயரிலேயே 2007-ல் அங்கே நீச்சல் குளம், ஸ்பா மூடிகளுக்கு ஒரு சட்டம் வந்தது. அவள் சிக்கிய இடத்தில் மூடி இருந்தது. உங்கள் தொட்டியில் அதுவும் இல்லை. பழைய மூடி கிடைத்தால், விரிசல் இல்லை என்று பார்த்துவிட்டு அதே ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். உடைந்திருந்தால் தொட்டி மாடலைச் சொல்லி அதே மூடியை வாங்குங்கள். தரையில் போடும் சாதாரண ஜாலியை வெட்டி ஒட்டுவது கூடவே கூடாது. மூடி மாட்டிய பிறகும் மகள் தனியாக இறங்க வேண்டாம். கூந்தலைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொள்ளட்டும்.

வேகம் எங்கே போனது

பைப் கெட்டுவிட்டதால்தான் வேகம் போனது என்று பிளம்பர் சொன்னதை நம்பியிருக்கிறீர்கள். சுவருக்குள் இருக்கும் பிவிசி பைப் மூன்று வருடத்தில் இப்படித் தேய்ந்து போகாது. தண்ணீர் சுற்றி வரும் வழியில் எங்கோ தடை இருக்கிறது, அவ்வளவுதான். அந்த வழியிலேயே வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் பெரும்பாலும் பைசா செலவில்லாமல் பிடித்துவிடலாம்.

முதலில் தண்ணீர் மட்டம். மேலே இருக்கும் ஜெட்டுக்கும் இரண்டு அங்குலம் மேலே தண்ணீர் நிற்க வேண்டும். குறைவாக இருந்தால் பம்பு காற்றையும் சேர்த்து இழுத்து, விட்டு விட்டு அடிக்கும். அடுத்து, தண்ணீர் வராத அந்த இரண்டு ஜெட்டின் வெளி வளையத்தைத் திருகிப் பாருங்கள். பல மாடல்களில் வளையத்தைத் திருகினால் ஜெட் மூடிக்கொள்ளும். குழந்தை விளையாடும் தொட்டியில் இது சகஜம்.

அப்புறம் உப்பு. போர் தண்ணீர் என்று நீங்கள் எழுதிய ஒரு வார்த்தையே எனக்கு நிறையச் சொல்லிவிட்டது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம்; வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறது. சென்னையில் பல போர்களின் தண்ணீர் 200-ஐ எளிதாகத் தாண்டிவிடும். அதைச் சூடாக்கும்போது கால்சியம் பிரிந்து, இருப்பதிலேயே குறுகலான இடத்தில் போய்ப் படியும். உங்கள் தொட்டியில் அந்தக் குறுகலான இடம் ஜெட்டின் மூக்குத்தான். ஜெட்டைக் கையால் இடப்பக்கம் திருகினால் பெரும்பாலும் கழன்று வரும். உள்ளே பாருங்கள், வெள்ளையாகவோ பழுப்பாகவோ சுண்ணாம்பு பிடித்திருக்கும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு இரண்டு மேசைக்கரண்டியை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து, ஜெட்டுகளை இரண்டு மூன்று மணி நேரம் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போய்விடும். டாய்லெட் கழுவும் ஆசிட் வேண்டாம். அது ரப்பர் வளையத்தையும் குரோமியப் பூச்சையும் தின்றுவிடும்.

ஜெட்டில் தண்ணீரோடு காற்றும் கலந்து வந்தால்தான் உடம்பில் அந்த அழுத்தம் தெரியும். குறுகலான மூக்கு வழியாகத் தண்ணீர் வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைந்து, காற்றுக் குழாயிலிருந்து காற்று தானாக இழுபடும். தொட்டி விளிம்பில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்து வைத்து, ஜெட் ஓடும்போது அந்தத் திருகின் மேல் ஒரு சின்ன டிஷ்யூத் துண்டைப் பிடியுங்கள். துண்டு உள்ளே இழுபட்டால் காற்றுக் குழாயில் அடைப்பு இல்லை. அசையவே இல்லையென்றால் திருகிலோ காற்றுக் குழாயிலோ அடைப்பு, அல்லது தண்ணீரிலேயே வேகம் இல்லை. இந்தச் சோதனையை மூடியும் ஆர்சிசிபியும் திரும்ப வந்த பிறகு, தொட்டிக்கு வெளியே நின்றுகொண்டு செய்யுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, எல்லா ஜெட்டிலுமே வேகம் குறைவு என்றால் பம்பு. மூடி இல்லாமல் ஓட்டியதால் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் முடி சுற்றியிருக்க வாய்ப்பு அதிகம். மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் கண்டென்சரை மாற்றினாலே சரியாகிவிடலாம்; மாலை நேரத்தில் மட்டும் அப்படி என்றால் வோல்டேஜையும் அளக்கச் சொல்லுங்கள். பம்பைத் திறக்கும்போது அதன் பெயர்ப்பலகையையும் பாருங்கள். இறக்குமதித் தொட்டி சிலவற்றில் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். அழுத்தம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும், மோட்டாரும் சூடாகும். ஆனால் அப்படிப்பட்ட பம்பு முதல் நாளிலிருந்தே மந்தமாக இருந்திருக்கும். உங்களுக்கு நடுவில்தான் குறைந்தது என்பதால் இது கடைசிச் சந்தேகம்.

அந்தக் கறுப்புத் துணுக்கு

பைப்பின் ரப்பர் உரிந்து வருகிறது என்று நினைத்திருக்கிறீர்கள். அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. நல்லெண்ணெய், சீயக்காய்த் தூள், சோப்பு, உடம்பு அழுக்கு எல்லாம் பைப்பின் உள்சுவரில் ஒட்டி, அதன் மேல் நுண்ணுயிர்கள் படலமாக வளர்ந்திருக்கும். ஜெட் போட்டதும் அது உரிந்து வருகிறது. விரலால் நசுக்கிப் பாருங்கள். வழவழவென்று குழைந்தால் படலம். ரப்பர் என்றால் குழையாது. தோலில் கொப்புளம் உண்டாக்கும் கிருமிகள் இந்தப் படலத்தில் வளரும். நீர்த்திவலை வழியாக நுரையீரலுக்குப் போய் நிமோனியா உண்டாக்கும் லீஜியோனெல்லாவும் வெதுவெதுப்பான குழாய்களில்தான் பெருகும். வயதானவருக்கு இது சின்ன விஷயமில்லை. சுத்தம் செய்யும்வரை மாமியார் வாளித் தண்ணீரிலேயே குளிக்கட்டும்.

சுத்தம் செய்வது எளிது. ஜெட்டுக்கு மேல் வரை வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, காற்றுத் திருகை மூடி, நுரை வராத டிஷ்வாஷர் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி போட்டுப் பதினைந்து நிமிடம் ஓட்டி வடித்துவிடுங்கள். அடுத்த முறை புதுத் தண்ணீரில் வீட்டு உபயோக பிளீச் அரை கப் ஊற்றி அதே போல ஓட்டி வடியுங்கள். கடைசியாக வெறும் தண்ணீர். துணுக்கு வருவது நிற்கும் வரை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். எலுமிச்சை உப்பு வேலையையும் பிளீச் வேலையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். அமிலமும் பிளீச்சும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது ஆபத்து.

எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொல்லி மாமியாரிடம் நீங்கள் சங்கடப்பட வேண்டியதில்லை. எண்ணெயும் சீயக்காயும் வெளியே ஷவரில் போகட்டும். அலசிய பிறகு சுத்தமான உடம்போடு தொட்டியில் உட்காரட்டும். தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம், பதினைந்து நிமிடம் போதும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நன்றாகச் சுத்தம் செய்தும் ஒன்றிரண்டு வாரத்தில் துணுக்கு திரும்ப வந்தால், வடித்த பிறகும் பைப்பில் தண்ணீர் தேங்குகிறது என்று பொருள். சரிவு சரியாக வைக்காமல் பொருத்தியிருக்கிறார்கள். அதைக் குறித்து வையுங்கள், பில்டரிடம் பேசும்போது தேவைப்படும்.

ஒழுகும் இடத்தைத் தண்ணீரே காட்டும்

கீழ் வீட்டு ஈரத்துக்கு உடனே டைல்ஸை உடைப்பது, எங்கே வலி என்று கேட்காமலே ஆபரேஷன் செய்வது போல. நான்கு நாளில், ஒரு நாளைக்கு ஒரு சோதனையாகச் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு கீழ் வீட்டுக்காரரிடம் சீலிங்கைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டால் பாதி மனக்கசப்பு குறையும்.

1. தொட்டியில் தண்ணீரே இல்லாமல், விளிம்பைச் சுற்றிச் சுவர் சேரும் இடத்தில் நாலைந்து மக் தண்ணீர் ஊற்றுங்கள். இதற்கே கீழே ஈரம் வந்தால், விளிம்பில் இருக்கும் சிலிக்கான் விட்டுப்போயிருக்கிறது. பழைய சிலிக்கானைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட்டால் வேலை முடிந்தது. நான் பார்க்கிற பாத்டப் புகார்களில் இது அடிக்கடி வருகிறது, யாரும் முதலில் சந்தேகப்படுவதில்லை.

2. கீழ் ஜெட்டுக்கும் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு ராத்திரி முழுவதும் விடுங்கள். மோட்டார் வேண்டாம். மட்டம் இறங்கினால் கழிவு வாயிலோ, உறிஞ்சும் வாயிலோ, தொட்டியின் அடியிலோ கசிவு. இறங்காவிட்டால், வடிக்கும்போது மட்டும் கீழே ஈரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கழிவுக் குழாய்.

3. ஜெட்டுக்கு மேல் வரை நிரப்பி, அதே போல விடுங்கள். மட்டம் இறங்கி ஒரு ஜெட்டின் உயரத்தில் வந்து நின்றுவிட்டால், கசிவு அந்த ஜெட்டின் பின்னால் இருக்கும் ரப்பர் கேஸ்கெட்டில் இருக்கக்கூடும். தண்ணீர் அசையாமல் இருக்கும்போது ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கரைத்து ஜெட்டின் ஓரத்தில் மெல்லச் சொட்டவிடுங்கள். கசிவு இருக்கும் இடத்தை நோக்கி நிறம் மெல்லிய நூலாக இழுபட்டுப் போவது கண்ணுக்குத் தெரியும்.

4. மூன்றிலும் ஒன்றும் இல்லையென்றால் மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள், தொட்டிக்குள் யாரும் இல்லாமல். அப்போது மட்டும் ஒழுகினால் பம்பு, அதைப் பைப்போடு சேர்க்கும் யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு), தண்ணீர் வெளியே தள்ளப்படும் அழுத்தப் பக்கத்து இணைப்பு இவற்றில் ஒன்று.

ஜெட் போட்ட மறுநாள்தான் ஈரம் பெரிதாகிறது என்று எழுதியிருப்பதால், நான்காவதில்தான் மாட்டும் என்பது என் கணிப்பு. அதிலும் சுழலும் தண்டின் வழியாகத் தண்ணீர் வெளியே வராமல் அடைக்கும் பம்பின் மெக்கானிக்கல் சீல் மேல் எனக்குப் பலமான சந்தேகம். சீல் போனால் தண்ணீர் மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவிலிருந்து சொட்டும், மோட்டாரையும் நனைக்கும். மோட்டார் நனைந்தால் ஆர்சிசிபி டிரிப் ஆகும். நீங்கள் தனித்தனியாக எழுதிய இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். எலக்ட்ரீஷியன் லைனை மாற்றாமல் மின்கசிவைக் கண்டுபிடிக்க உதவும் மெகர் கருவி வைத்து மோட்டாரையும் ஹீட்டரையும் தனித்தனியாகச் சோதித்திருந்தால், கீழ் வீடு நனையும் முன்பே தெரிந்திருக்கும்.

பம்பைப் பார்க்க வழியே இல்லை, சுற்றிலும் டைல்ஸ் ஒட்டி மூடியிருக்கிறார்கள் என்கிறீர்கள். அதற்காக எல்லாவற்றையும் உடைக்க வேண்டியதில்லை. ஸ்விட்ச் வயர் போகும் பக்கம் காதை வைத்துக் கேட்டால் பம்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். அந்த இடத்தில் மட்டும் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டி, திறந்து மூடும் கதவு வைக்க வேண்டும். காற்றோட்டத்துக்கு அதில் சில துளைகள் இருக்கட்டும். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். போர் தண்ணீரில் ஒரு வசதி உண்டு: ஒழுகிய தடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஒழுகும் இடம் வந்துவிடும். யூனியனில் ஒழுகினால் ஓ-ரிங்கை மாற்றிக் கையாலேயே இறுக்கினால் போதும். ரெஞ்ச் போட்டு முறுக்கினால் விரிசல் விடும். மேலே எம்-சீல் அப்பிவிட்டுப் போகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள், அழுத்தம் வரும் இணைப்பில் அது நிற்காது. பைப்பை வெட்டி ஒட்டினால் சால்வென்ட் காயும்வரை ஒரு முழு நாளாவது தண்ணீர் விட வேண்டாம்.

பில்டரிடம் எதைக் கேட்கலாம்

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் தெரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். உங்கள் குடியிருப்பு ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவான திட்டம் என்றால், அந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14(3) பிரிவு உங்களுக்கு உதவும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் வேலைப்பாட்டிலோ தரத்திலோ குறை இருப்பதாகத் தெரிவித்தால், பில்டர் அதை 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். உங்களுக்கு 3 வருடம்தான் ஆகிறது. செய்யாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அதற்குப் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் கெடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் வழி கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்ட முடியாது. ஜெட்டில் படிந்த உப்பும், முடி அடைப்பும், எண்ணெய்ப் படலமும் பராமரிப்பில் சேரும். பம்பைப் பார்க்க வழி வைக்காமல் டைல்ஸ் ஒட்டியது, சரிவு இல்லாத பைப், ஒட்டு சரியில்லாத இணைப்பு, இவற்றைக் கேட்கலாம். மூடியைக் கழற்றியதும் லைனை மாற்றியதும் உங்கள் ஆட்கள் செய்தது என்று அவர் வாதிடுவார்; அதனால் அதை மறைக்காமல், தேதியோடு நீங்களே எழுதிவிடுவது நல்லது.

இதில் பெரிய ஆபத்து அவசரம்தான். பிளம்பர் சொன்னபடி எல்லாவற்றையும் உடைத்துவிட்டால் 85,000 ரூபாயோடு ஆதாரமும் போய்விடும். நான்கு சோதனைகளையும் செல்போனில் பதிவு செய்து, படங்களோடு பில்டருக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். ஆள் அனுப்பிப் பார்வையிட ஒரு நாளும் குறிப்பிடுங்கள். அதுவரை தொட்டியில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டால் கீழ் வீட்டுச் சேதம் கூடாது. கீழ் வீட்டுக்காரருக்குப் பெயின்ட் செலவை ஏற்பதாக இப்போதே வாக்குக் கொடுக்க வேண்டாம். ஒழுகலை நிறுத்தும் வேலையைத் தொடங்கிவிட்டேன் என்று சொல்லுங்கள்.

தொட்டியை எடுத்துவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில், இப்போது வேண்டாம். எடுக்கவும் டைல்ஸை உடைக்கத்தான் வேண்டும், தரையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். தொட்டியின் உடலிலேயே விரிசல் இருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம். சீல் மட்டும் போயிருந்தால் பொருளுக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாயோடு முடியலாம். மோட்டார் சுருளில் தண்ணீர் இறங்கியிருந்தால் பம்பையே மாற்ற வேண்டிவரும். பம்புப் பக்கம் கதவு வைத்ததும் பெயர்ப்பலகை, உப்புப் பூத்த இடம், மோட்டாரின் அடிப்பக்கம் மூன்றையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். மெகர் அளவையும் எலக்ட்ரீஷியனிடம் எழுதி வாங்குங்கள். சீலா, பம்பா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.